குடல்வாலும் கல்யாண ஓலையும்

மகனே இன்னாசி,

நீ பெண்சாதியை அழைத்துக்கொண்டு டெல்லிக்குக் கிளம்புகிறாய். ஊர் விட்டுப் போகிற பிள்ளைக்கு அப்பன் எழுதும் கடிதம் என்றால் கம்பளி வாங்கிக்கொள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே என்றுதான் இருக்க வேண்டும். அதையெல்லாம் உன் அம்மா சொல்லி முடித்துவிட்டாள். நான் எழுத வந்தது உன் வலது தொடையிடுக்கைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதே. ஆபீசில் நாலு பேர் பார்க்கும்படி பிரித்திருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்காவது தனியாகப் போய் உட்கார்ந்து படி. ஆனால் கடைசி வரைக்கும் படி. பாதியில் நிறுத்துவது உனக்குப் பழக்கம். டாக்டர் சொன்னதைக்கூட நீ பாதிதான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாந்தோமுக்கு வந்து, உன் அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் அடங்கிய டிரங்குப் பெட்டியை ஜட்காவில் ஏற்றினாய் அல்லவா? நான் ஜன்னலோரம் ஈசிசேரில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் வண்டிக்காரன், மறுபக்கம் நீ. பெட்டி வண்டிக்குள் போன கையோடு உன் வலது கை கீழே இறங்கி இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு இருமல் வந்தது. இருமுவதற்கு முன்னாலேயே கை அங்கே போய்விட்டது, அதைத்தான் நான் கவனித்தேன். வண்டிக்காரன்கூடக் கேட்டான், "இன்னா சார், புட்ச்சிக்கினு நிக்கறே? சுளுக்கா?" என்று. நீ ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய். சுளுக்குப் பிடித்தவன் இடுப்பைப் பிடிப்பான், முதுகைப் பிடிப்பான். இருமல் வருமுன் அந்த இடத்தில் கை வைக்கிறவனுக்கு என்ன வியாதி என்று எனக்கு எந்த டாக்டரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கையை நான் என்னுடைய உடம்பில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? மூன்று வருஷமாக நாம் பேசிக்கொள்கிற பேச்சு உனக்குத் தெரியாதா? மழை பெய்ததா, ரேஷனில் என்ன அரிசி போட்டான், உடம்பு எப்படியிருக்கிறது, பரவாயில்லை. பரவாயில்லை என்று நான் சொன்னதும் நீ கடிகாரத்தைப் பார்ப்பாய். நேரில் சொன்னால் நான் கத்துவேன், நீ மாம்பலத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிடுவாய். காகிதத்திடம் கத்தினால் அது எழுந்து போகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இது எப்படி வந்தது என்பதை நீ சரியாகத் தெரிந்துகொண்டதே இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்றால் உனக்கு இப்போது சிரிப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் என் விசில் சத்தம் கச்சேரி ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். தாண்டிக் குதிக்கிற மரக்குதிரையை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வரப் பையன்களை விடமாட்டேன், நானே ஒரு முனையைப் பிடிப்பேன். அப்படித் தூக்கின ஒரு நாள்தான் வலது இடுக்கில் எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. வலியில்லை. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்று இருமினால் மறுபடி வெளியே வந்து எட்டிப் பார்க்கும். ஹெர்னியா, குடல் இறங்குகிறது என்றார் டாக்டர். அறுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். அறுத்துக்கொள்ளப் போனால் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். டிரில் மாஸ்டருக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தை நடத்தும் சாமியார் வேலையை வேறொருவனுக்குக் கொடுப்பார், பையன்களோ அதைவிட மோசமாக ஒரு பட்டப்பெயர் கொடுப்பார்கள். மவுண்ட் ரோடில் ஒரு கடையில் பெல்ட் வாங்கினேன்.

அந்தப் பெல்ட்டை நினைத்தால் இன்றைக்கும் என் இடுப்பு எரிகிறது. உள்ளே எஃகுக் கம்பி, மேலே தோல், இடுக்கை அழுத்துவதற்கு உருண்டையாக ஒரு கட்டை. வெயில் காலத்தில் தோல் உரிந்து ரத்தம் கசியும். உன் அம்மா என் பழைய வேட்டியைக் கிழித்து அந்தக் கட்டைக்கு உறை தைத்துப் போடுவாள். காலையில் கொடியிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கிறது உன் வேலை. இது இன்னா நைனா என்று ஒரு தடவை கேட்டாய். சிப்பாய்கள் போட்டுக்கொள்கிறது என்றேன். அதை நம்பி நீயும் இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் மார்ச் பண்ணினாய். உன் அம்மா ஓடி வந்து அதைப் பிடுங்கிப்போட்டு, உன் நெற்றியில் சிலுவை போட்டாள். பாவம், அவள் சிலுவை பலிக்கவில்லை.

பிறகு உனக்கு மாம்பலத்தில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் சொந்த பங்களா, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், ஹாலில் பியானோ. அந்த வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்ததுமே உன் வாயிலிருந்து 'இன்னா'வும் 'கீது'வும் காணாமல் போயின. நான் நைனாவாக இருந்தவன் அப்பா ஆனேன். அவர்கள் எதிரில் உன் அம்மா வாயைத் திறந்தால் உனக்கு வேர்த்துக் கொட்டியது. சரி, பிள்ளை முன்னுக்கு வருகிறான் என்று நானும் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே வந்தேன். பெண் வீட்டார் நம் பங்குக் கோயிலில் வந்து விசாரித்தார்கள். குடும்பத்தில் க்ஷயம் உண்டா, வலிப்பு உண்டா என்று யார் யாரையோ கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. அன்று சாயங்காலம் நீ என் கோட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பெல்ட் வெளியே தெரியாதபடி இது கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது என்றாய். நான் சரியென்றேன். தையற்காரனிடம் கொடுத்துக் கோட்டை இறக்கித் தைத்தோம்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். புதன்கிழமை விபூதிப் புதன். அதோடு தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடிகிற வரைக்கும் கோயிலில் யாருக்கும் தாலி கட்ட முடியாது. அப்படி நாள் நெருக்கிப்போட்டிருந்தோம். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் குளிக்கப் பெல்ட்டைக் கழற்றினேன். வீக்கம் வெளியே நின்றது. படுத்தேன், போகவில்லை. காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கையால் மெல்லத் தள்ளினேன், போகவில்லை. தொட்டால் உயிர் போனது. உன் அம்மா உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் வைக்க வந்து தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க இது, கல்லு மாதிரி கீது, சூடா வேற கீது" என்றாள். அன்று முழுவதும் மெல்லிய காய்ச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீயே போய்க் கச்சேரி ரோடு டாக்டரை அழைத்து வந்தாய். அதை நான் மறுக்கவில்லை. அவர் கேட்டார், வாந்தி உண்டா? இல்லை. வயிறு உப்பியிருக்கிறதா? இல்லை. காலையில் வெளிக்குப் போனதா? போனது. காற்று பிரிகிறதா? பிரிகிறது. அவர் யோசித்தார். குடல் இறங்கி அங்கே நெரிந்துபோயிருந்தால் வாந்தியெடுக்கும், வயிறு உப்பும், எதுவும் கீழே இறங்காது, அப்படி இருந்தால் இந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இது அப்படித் தெரியவில்லை என்றார். பெல்ட் அழுத்திப் புண்ணாகியிருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். இப்படித்தான் அவர் சொன்னார், முன்பாதியும் பின்பாதியும். நீ முன்பாதியை எடுத்துக்கொண்டாய்.

உன் அம்மா அப்போதே புடவையை மாற்றிக்கொள்ளப் போய்விட்டாள். நீ அவளை நிறுத்தினாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அப்பன் ஆஸ்பத்திரியில் படுத்தால் கல்யாணம் நிற்கும், நின்றால் ஈஸ்டர் கழிந்துதான், அதற்குள் என்ன வியாதி என்று அவர்கள் கேட்பார்கள், என்ன என்று சொல்வது, எந்த இடத்தில் என்று சொல்வது, கேள்விப்பட்டதும் அந்தப் பெண்ணே வேண்டாம் என்றுவிடுவாள் என்றெல்லாம் சொன்னாய். நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். வெகு காலத்துக்குப் பிறகு நைனா என்று கூப்பிட்டாய்.

"ஒரே ஒரு நாள் நைனா. நீங்க டிரில் மாஸ்டர். நிக்கிறது உங்களுக்குப் பெரிசா?"

அந்த வார்த்தையை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. எனக்கு வேண்டியது நைனா என்ற ஒரு சொல்தான், அதை வைத்து என்னை எங்கே வேண்டுமானாலும் நிற்க வைக்கலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன் அம்மா அழுதாள். நான் அவளை அதட்டிவிட்டு, பிள்ளை கேட்கிறான், நிற்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நடுராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பன் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் இவன் என்ன பாவத்தில் இருக்கிறானோ என்று கோயிலே திரும்பிப் பார்க்கும். அதனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் விழுங்கவில்லை. வலிக்கிற வீக்கத்தின் மேல் பெல்ட்டையும் கட்டிக்கொண்டேன். கட்டாவிட்டால் பேன்ட்டில் புடைப்புத் தெரியும் என்று நீ சொன்னாய். உன் அம்மா இழுத்துக் கட்டும்போது என் வேட்டித் துணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பிறகு நீளக் கோட்டு, டை, பூச்செண்டு. கோயிலில் எத்தனை தடவை முழந்தாளிட்டு எத்தனை தடவை எழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சாமியார் லத்தீனில் ஓதிக்கொண்டேயிருந்தார். நான் ஆண்டவரை நினைக்கவில்லை, பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்தி எவ்வளவு உருகியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தாலி கட்டினபோது எனக்குக் கண் இருண்டது. என்னை யாராவது புகழ வேண்டுமென்று இதை எழுதவில்லை. அன்று நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

பூசை முடிந்து வாசலில் நீங்கள் இருவரும் முழந்தாளிட்டீர்கள். உன் நெற்றியில் சிலுவை போட்டேன். அந்தப் பெண் செலினின் நெற்றியில் போடும்போது என் விரல் நடுங்கியது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பாண்டுக்காரன் வாசிக்க ஆரம்பித்துவிட்டான், நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாய். மாம்பலத்துப் பந்தலுக்கு நானும் வந்தேன். சம்பந்திக்கு மாலை போட எழுந்தவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் அம்மா வந்தாள். விருந்து முடியட்டும் என்று நீ காதோரம் சொன்னாய். உசிரு போவுது, இன்னா விருந்து வேண்டிக் கீது என்று அவள் உரக்கக் கேட்டாள். டாக்சிக்கு ஆளனுப்பிவிட்டு, எல்லார் எதிரிலும் என் தோளைத் தாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தாள். உன் அம்மா அன்று பேசின இன்னா, கீது ஒவ்வொன்றும் என் உயிரைக் காப்பாற்றியது, தெரிந்துகொள்.

அன்று சாயங்காலமே அறுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ததால் எனக்கு நினைவு இருந்தது. நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பெரிய டாக்டர் வேலை செய்கிற சத்தம் திடீரென்று நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அவர், பையன்கள் எல்லாரையும் வரச் சொல், இது மறுபடி பார்க்கக் கிடைக்காது என்றார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஓடி வந்து ஒருவன் தோள் மேல் ஒருவன் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தேன், நான் விசில் ஊதாமலே பையன்கள் என்னைச் சுற்றி வரிசையாக நின்றது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவர் என் கட்டிலுக்கு வந்து விளக்கினார். அந்தப் பைக்குள் இறங்கியிருந்தது குடல் இல்லை, குடல்வால், அப்பெண்டிக்ஸ். வயிற்றுக்குள் இருக்க வேண்டியது அந்த ஓட்டை வழியாக இறங்கி வந்து அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான், கையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். பெல்ட்டின் கட்டை அதைத் தினமும் நசுக்கியிருக்கலாம். எப்படியோ அது சீழ் பிடித்து, அந்தப் பைக்குள்ளேயே உடைந்திருக்கிறது. குடல் தன் பாட்டுக்கு நல்லபடியாக இருந்ததால்தான் வெளிக்குப் போயிற்று, வாந்தி வரவில்லை, கச்சேரி ரோடு டாக்டரும் ஏமாந்தார். உன் அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், முந்தாநாளே கொண்டாந்திருந்தா இன்னா ஆயிருக்கும் என்று. உடையாமல் இருந்திருக்கும் அம்மா, குடல்வாலை எடுத்துவிட்டு ஓட்டையையும் தைத்து நடந்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், சீழ் உள்ள இடத்தில் தையல் நிற்காது, அதனால் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டேன் என்றார். நீ அப்போது அங்கே இல்லை. மறுவீட்டு விருந்தில் இருந்தாய். அதனால்தான் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று மேலே எழுதினேன்.

தபசு காலம் பூராவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். புண் ஆறும், மறுபடி உடையும், திரி வைத்துக் கட்டுவார்கள். பெனிசிலினுக்கு அலைந்தது உன் அம்மா. நீ சாயங்காலங்களில் ஆபீசிலிருந்து வந்து நின்றுவிட்டுப் போவாய். உன் பெண்சாதி ஒரு நாளும் வரவில்லை. ஈஸ்டருக்குக்கூட வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்கு அவன் மருமகள் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவாள், அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பங்களாவில் பிறந்தவள், ஆஸ்பத்திரி நாற்றம் ஆகாது போலிருக்கிறது என்று மனதில் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடுதான் மூன்று வருஷம் அவளிடம் பேசினேன். அவள் காபி கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டு ஆறவிடுவேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

நான் அதற்குப் பிறகு விசில் ஊதவில்லை. ஓட்டை அப்படியே இருக்கிறது, வீக்கம் முன்னைவிடப் பெரிதாக வருகிறது, தழும்பின் மேல் பெல்ட் போட முடியாது. நெஞ்சு பலவீனம், இரண்டாம் தடவை அறுக்கத் தயங்குகிறார்கள். கடற்கரை வரைக்கும் நடந்துபோக முடிந்தவன் இப்போது வாசல் கேட் வரைக்கும் போகிறேன். இதெல்லாம் உன்னால் வந்தது என்று கோர்ட்டில் நின்று என்னால் சொல்ல முடியாது, குடல்வால் இறங்கினதற்கு நீ என்ன செய்வாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் திங்கட்கிழமை சாயங்காலத்துக்கும் நடுவில் உள்ள நேரம் உன்னுடையது. அதை நீ என்னிடம் நைனா என்று கூப்பிட்டு வாங்கினாய். எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான், தழும்பு இல்லை.

நேற்று முன்தினம், புதன்கிழமை, நீ ஆபீசுக்குப் போயிருந்தபோது செலின் தனியாக வந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சுற்றிச் சுற்றி என் உடம்பைப் பற்றியே விசாரித்தாள். பிறகு, டைபாய்டு வந்தால் இத்தனை வருஷம் கழித்தும் இப்படி நடக்க முடியாமல் போகுமா மாமா என்றாள். எனக்குப் புரியவில்லை. எந்த டைபாய்டு என்றேன். அவள் சொன்னாள். கல்யாணத்தன்று எனக்கு டைபாய்டு கண்டது, தொற்று வார்டில் போட்டிருக்கிறார்கள், யாரையும் விடமாட்டார்கள் என்று நீ சொன்னதாகச் சொன்னாள். தினமும் வருகிறேன் என்று கேட்டாளாம். வாசலில் நின்றாவது பார்க்கிறேன் என்றாளாம். கூடாது, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றாயாம்.

டைபாய்டு! நல்ல கௌரவமான வியாதியாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறாய். பங்களாவில் சொல்லலாம், பியானோ பக்கத்தில் நின்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெண் மூன்று வருஷமாக என்னிடம் ஆறின காபியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். நான் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது, அவள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது, இரண்டும் தெரிந்தவன் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு வெட்கம் என் உடம்பைப் பார்த்துத்தான் வந்தது, உன்னைப் பார்த்து வரவில்லை.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். எந்த இடத்தில் வீக்கம் என்பதையும், பெல்ட்டையும், ஓலையையும், குடல்வாலையும். மாமனார் மருமகளிடம் பேசுகிற பேச்சா என்று நீ கேட்பாய். இல்லைதான். அவள் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. கோயில் வாசலில் என் விரல் நடுங்கினதைச் சொன்னாள், அதை இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள். அப்போதும் வலித்துக்கொண்டா இருந்தது மாமா என்றாள். ஆமாம் என்றேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருந்தா காத்திருந்திருப்பேன். என்னை யாரும் கேக்கவே இல்லையே மாமா."

கேட்டாயா இன்னாசி? அந்தப் பெண்ணே வேண்டாம் என்றுவிடுவாள் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாயே, அந்தப் பெண்தான் இது. ஒரே தெருவில் இல்லாவிட்டாலும் ஒரே ஊரில் இருந்தாள். டாக்டரை அழைத்துவரத் தெரிந்த உனக்கு அவளிடம் ஆளனுப்பத் தெரியவில்லை. நானும் உன் அம்மாவும்கூட அவளைக் கேட்கலாம் என்று நினைக்கவில்லை. நீ சொன்னதை அவள் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு நான் போய் நின்றேன். என் இடுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒன்றுமே இல்லாததற்கு.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஜட்காவுக்குப் பக்கத்தில் உன் கை போன இடத்தைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. நீ மறைத்து வைத்திருக்கிறாய், கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் உடை மாற்றுகிறாயாம். அந்த இடத்தில் எல்லாருக்கும் குடல்வால் வந்து உட்காராது, உனக்கு வெறும் குடலாகவே இருக்கலாம், அறுத்துத் தைத்தால் கொஞ்ச நாளில் எழுந்து நடக்கலாம். பெரிய டாக்டர் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், என் பெயரைச் சொன்னால் மறந்திருக்கமாட்டார். டெல்லியில் வேலையில் சேருகிற நாளைத் தள்ளிப்போட முடியாது என்று ஆரம்பிக்காதே. அந்தப் பாட்டை நான் ஒரு தடவை கேட்டாகிவிட்டது. ரயில் டிக்கெட் இரண்டும் இப்போது செலினின் கைப்பையில் இருக்கின்றன. டாக்டர் பார்த்து அனுப்பலாம் என்று சொல்லுகிற வரைக்கும் எடுக்கமாட்டேன் என்று என் எதிரில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ வீட்டுக்குப் போகும்போது அவள் ஹாலில் உட்கார்ந்திருப்பாள். உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பாள். அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்பாள். டைபாய்டு என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் நைனா